கைநாடாப் பின்னலும் நாகர்கோவில் லேஸும்

நாடா என்பது யாதென நெசவுத் தொழில் செய்யும் அங்கத்தினர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பாவின் ஊடே ஊடை நூலைக் கொண்டு செல்லும் அக்கருவி தறிக்கே உரியது என்றுதான் நாம் எண்ணியிருக்கிறோம். ஆனால் தறியும் இல்லாமல், பாவும் இல்லாமல், ஏறக்குறைய இரண்டரை அங்குல நீளமுள்ள ஒரு சிறு நாடாவையும் பத்து விரல்களையும் மட்டுமே கொண்டு செய்யப்படும் பின்னல் ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதற்கு டாட்டிங் என்று பெயரிட்டனர். துருக்கியர் அதை மெகிக் வேலை என்கின்றனர். மெகிக் என்றால் அவர்கள் மொழியில் நாடா. பின்லாந்து மக்களும் நாடா லேஸ் என்றே வழங்குகின்றனர். பிரெஞ்சுக்காரர் மட்டும் அதற்கு 'வீண் பொழுதுபோக்கு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினர். இத்தாலியர் இட்ட பெயரோ 'வம்பளப்பு' என்ற பொருளையுடையது. இவ்விரண்டு பெயர்களையும் இட்டவர்கள் அவ்வேலையைச் செய்தவர்களாக இருக்க முடியாது, பக்கத்தில் அமர்ந்து பார்த்தவர்களாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

லேஸ் என்று கடைகளில் நாம் பொதுவாகச் சொல்வதில், கையால் செய்யப்படுவன பல வகை. நம் பகுதியினர் கேள்விப்படக் கூடியவை மூன்று. முதலாவது தலையணை லேஸ். வைக்கோல் முதலியவற்றை இறுக அடைத்த ஒரு திண்டின் மேல், துளையிட்ட அட்டை ஒன்றை வைத்து, துளைகளில் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை ஊசிகளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிப் போடுவது. நூலைக் குறுக்கே கடத்துதல், முறுக்குதல் என்னும் இரண்டே அசைவுகளால் எத்தனையோ உருவங்கள் எழும்புகின்றன. ஜக்கார்டு தறியில் அட்டை எவ்வாறு உருவத்தைத் தாங்கி நிற்கிறதோ, அவ்வாறே இங்கும் துளையிட்ட அட்டையே உருவத்தைத் தாங்குகிறது. அட்டை இல்லையேல், கை எவ்வளவு தேர்ந்ததாயினும் புதிய உருவம் வராது. இதை நினைவில் வைக்க வேண்டுகிறேன், பின்னர் பயன்படும். இரண்டாவது, குரோஷா என்று பெண்கள் வழங்கும் கொக்கி ஊசி வேலை. மூன்றாவதுதான் நாம் தொடங்கிய டாட்டிங்.

டாட்டிங்கின் இரகசியம் முழுவதும் ஒரு முடிச்சில் அடங்கியிருக்கிறது. இடக்கை விரல்களைச் சுற்றி நூலை ஒரு வளையமாகப் பிடிக்கிறார்கள். வலக்கையில் உள்ள நாடாவை அவ்வளையத்தின் கீழாக ஒரு முறையும், மேலாக ஒரு முறையும் செலுத்தி, இரண்டு பாதி முடிச்சுகள் சேர்ந்த ஓர் இரட்டை முடிச்சைப் போடுகிறார்கள். இதில் புதிதாகக் கற்போர் அனைவரும் இடறும் இடம் ஒன்று உண்டு. நாடாவிலிருந்து வரும் நூல் முடிச்சாகிவிடலாகாது. அது நேராகக் கம்பி போல் நிற்க, விரலில் சுற்றிய நூல்தான் அதன் மேல் முடிச்சாக ஏற வேண்டும். நூலைச் சற்றே தளர்த்தி, நாடா நூலை வெடுக்கென இழுக்கும்போது முடிச்சு ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குத் தாவுகிறது. அவ்விதம் தாவியதா என்பதை அறிவது எளிது. போட்ட முடிச்சுகளைப் பிடித்துத் தள்ளினால் அவை நூலின் மேல் வழுக்கி ஓட வேண்டும். ஓடினால், கடைசியில் நாடா நூலை இழுத்தவுடன் வளையம் மூடிக்கொள்ளும். ஓடாவிட்டால் மூடாது, அறுத்தெறிவதைத் தவிர வேறு வழியில்லை. முடிச்சுகளுக்கிடையே வேண்டுமென்றே சிறிது நூலைத் தளரவிட்டால் அது சிறு கண்ணியாக எழுந்து நிற்கும். அழகும் அதில்தான், ஒரு வளையத்தை அடுத்த வளையத்தோடு இணைப்பதும் அதன் வழியாகத்தான்.

இவ்வேலைக்கு முன்னோடியாக, ஐரோப்பியச் சீமாட்டிகள் 18ஆம் நூற்றாண்டில் பெரிய நாடாக்களைக் கொண்டு கயிற்றில் வெறும் முடிச்சுகள் இட்டு, அதைத் துணியின் மேல் தைத்து வந்தனர். பிரெஞ்சு அரசரின் மகளே அவ்வாறு நாடாவும் கையுமாக அமர்ந்திருக்கும் ஓவியம் ஒன்று 1756இல் தீட்டப்பட்டிருக்கிறது. செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கான அதை விவரிப்பதில் நமக்குப் பயனில்லை. வளையமும் கண்ணியும் கொண்ட இன்றைய டாட்டிங் 19ஆம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது.

அதை உருப்பெறச் செய்தவருள் தலையாயவர் எலியனோர் ரீகோ டி லா பிராஞ்சார்டியேர் என்னும் அம்மையார். பெயர் நீளமாயினும் வரலாறு சுவையானது. 1828இல் பிறந்து, லண்டனில் வாழ்ந்து, 1887இல் மறைந்தவர். தந்தை வழி பிரெஞ்சு. தாயார் அயர்லாந்து நாட்டவர். பின்னல் வேலைகளுக்கு மாதிரி வகுப்பதையும், அதை அச்சிட்டு விற்பதையும் தம் தொழிலாகவே கொண்டார். அக்காலத்தில் ஒரு பெண், தம் பெயரையே முகப்பில் பொறித்து, பல பத்துச் சிறு நூல்களை வெளியிட்டு வாழ்ந்தது எளிய செயலன்று. 1850இல் டாட்டிங் பற்றிய அவரது சிறு நூல் வெளிவந்தது. 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் அவருடைய வேலைக்குப் பதக்கம் கிடைத்தது. 'ஊசி' எனப் பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகையும் நடத்தினார்.

அவருக்கு முன்னரும் டாட்டிங் பற்றிய சில குறிப்புகள் அச்சில் வந்திருந்தன. ஆனால் வளையங்களைத் தனித்தனியே பின்னி, பிறகு ஊசியால் தைத்துச் சேர்ப்பதே வழக்கமாக இருந்தது. பின்னும்போதே கண்ணிகளின் வழியே வளையங்களை இணைக்கும் முறையை அவர் ஊசியின் உதவியால் செய்து காட்டினார். அடுத்த ஆண்டே, ஆசிரியர் பெயரில்லாமல் வெளியான வேறொரு சிறு நூல், ஊசியும் வேண்டா, நாடா நூலைக் கொண்டே இணைக்கலாம் என்று காட்டிவிட்டது. இன்று உலகெங்கும் நிலவுவது இந்தப் பெயரறியாதவரின் முறையே. புகழ் ரீகோ அம்மையாருக்குச் சென்றது. அவருக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆயினும் முழுப் பங்கும் அவருடையதன்று.

அவருடைய மற்றொரு வேலை நம் கவனத்துக்கு மிகவும் உரியது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஒரே பயிரை நம்பியிருந்த குடியானவர்கள் பட்டினி கிடந்தனர்; சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர், அதற்குக் குறையாத தொகையினர் நாட்டை விட்டுக் கப்பலேறினர். நிலம் பொய்த்த வீடுகளில் காசு வரும் வழி ஒன்று பெண்களின் கையில் இருந்தது. கன்னியர் மடங்களும் சில நல்லெண்ணமுடைய பெண்மணிகளும் குரோஷா வேலையைக் கற்றுக்கொடுத்தனர். பழைய வெனிஸ் நகரத்து ஊசி லேஸ் போன்ற தோற்றத்தை, கொக்கி ஊசியால் விரைவில் கொண்டுவரும் மாதிரிகளை வகுத்துத் தந்தவருள் ரீகோ அம்மையார் முதன்மையானவர். ஊசியால் பல மாதங்கள் ஆகக்கூடிய துண்டு, கொக்கியால் அதில் ஒரு சிறு பங்கு காலத்தில் முடிந்தது. பசித்தவருக்குக் காலமே கூலி அல்லவா? ஐரிஷ் குரோஷா என்ற பெயர் இன்றளவும் நிலைத்திருப்பதன் பின்னே இப்பஞ்சம் இருக்கிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். லண்டனில் 1851ஆம் ஆண்டுக் கண்காட்சி நடந்தபோது, நாகர்கோவிலில் லேஸ் பின்னும் வேலைக்கு ஏற்கெனவே முப்பது வயதாகியிருந்தது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரும் அவர் மனைவி மார்த்தா மால்ட் அம்மையாரும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அப்போது அது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. பெண்களுக்கென விடுதிப் பள்ளி தொடங்கியபோது எதிர்ப்பட்ட முதல் இடர்ப்பாடு, பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் அவள் வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி நின்றுபோகும் என்பது. 1821 வாக்கில் அம்மையார் தலையணை லேஸைக் கற்பித்தார். படிப்பும் வேலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. விற்பனையில் வந்த பணம் பள்ளியை நடத்தவும் பின்னியவர்க்குக் கூலி தரவும் உதவிற்று.

அப்பள்ளியில் இருந்த பெண்களுள் சிலர் அடிமைகள். இச்சொல்லை உருவகமாகச் சொல்லவில்லை. திருவிதாங்கூரில் மனிதரை விற்பதும் வாங்குவதும் அடகு வைப்பதும் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தன. 1855ஆம் ஆண்டு அரசரின் பிரகடனத்தால்தான் அது முற்றாக ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த கூலியைத் தம் உடையவரிடம் விலையாகக் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்ட பெண்கள் நாகர்கோவிலில் இருந்தனர். தங்கள் உடலுக்கே தாங்கள் விலை கொடுத்து வாங்கியவர்கள். கூலிக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவு என்பது என்ன பொருள் பெறக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று நான் அறியேன்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் பின்னிய லேஸ் ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டிகளையும் கைவிளிம்புகளையும் அலங்கரித்தது. அதே காலத்தில், அதே ஊரில், பின்னியவர்களின் சாதியைச் சேர்ந்த பெண்கள் தங்கள் மார்பை மறைக்க மேலாடை அணிந்ததற்காகச் சந்தைகளில் தாக்கப்பட்டனர். தோள்சீலைப் போராட்டம் என்று வரலாற்றில் வழங்கும் அக்கலகம் பல பத்தாண்டுகள் ஓய்ந்தும் எழுந்தும் நடந்து, 1859இல் நாடார் பெண்கள் ரவிக்கை அணியலாம் என்ற அரசாணை வந்தபோதுதான் ஒருவாறு தணிந்தது. அவ்வாணையிலும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற நிபந்தனை இருந்தது.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, நாகர்கோவிலிலேயே வளர்ந்தவர்; தமிழைத் தாய்மொழி போலப் பேசியவர். 1844இல் அவர் மணந்தவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல். கணவரைத் தமிழுலகம் அறியும். மனைவியைத் திருநெல்வேலிச் சீமைக்கு வெளியே அறிந்தோர் சிலரே. இடையன்குடிக்குச் சென்ற எலைசா அம்மையார், தம் தாயாரிடம் கற்ற லேஸ் வேலையை அங்கே பெண்களுக்குக் கற்பித்தார். இடையன்குடி தேரி மணலும் பனையும் நிறைந்த ஊர். பனைத் தொழில் ஆண்டு முழுவதும் கிடைப்பதன்று; பதநீர் இறங்கும் மாதங்களில் ஆண்கள் மரமேற, பெண்கள் கருப்பட்டி காய்ச்சுவர்; மற்ற மாதங்களில் வீட்டில் காசு இராது. வேர்க்கடலை பிடுங்கிய பின் நம் புன்செய்க் குடும்பங்கள் எந்நிலையில் இருக்கின்றனவோ அந்நிலைதான். அந்த வெற்று மாதங்களில் திண்டும் கட்டைகளும் வீட்டுக்குக் காசு கொண்டுவந்தன. அதே 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிறருமாக 28 பேர் 28 பவுன் முதலோடு ஒரு பண்டகசாலையைத் திறந்தனர் என்பதை நம் அங்கத்தினர் அறிவர்.

மிஷன் பெண்மணிகளின் நோக்கம் பெண்களை விடுவிப்பது மட்டும் அன்று. தம் சமயத்துக்கு உரியவர்களாகவும், ஆங்கில முறைப்படி அடக்கமான இல்லத்தரசிகளாகவும் ஆக்குவதும் நோக்கமாயிருந்தது. துளையிட்ட அட்டை அவர்களிடமே இருந்தது. வாங்குவோரின் முகவரியும் அவர்களிடமே இருந்தது. பின்னியவளுக்குக் கூலி கிடைத்தது, தொழில் அவளுடையதாகவில்லை. கற்பித்தவர் நேர்மையாளராக இருந்த வரையில் இக்குறை வெளிப்படவில்லை.

இக்குறை வெளிப்பட்ட இடம் ஆந்திரத்தின் நரசாபுரம். கோதாவரி நதி கடலில் கலக்கும் அப்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டில் மிஷன் பெண்மணிகளே குரோஷா லேஸைக் கற்பித்தனர். பின்னர் வியாபாரிகள் அதை ஏற்றுமதித் தொழிலாக வளர்த்தனர். 1970களில் ஏற்றுமதி பெருகிற்று. அவ்விறுதி ஆண்டுகளில் அங்குச் சென்று ஆராய்ந்த மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், தாம் கண்டவற்றை 1982இல் நூலாக வெளியிட்டார். அவர் காட்டிய ஏற்பாடு நம் நெசவாளர்க்குப் புதியதன்று. வியாபாரி நூலைத் தருகிறார். ஏஜெண்டு வீடு வீடாகக் கொண்டு கொடுக்கிறார். பெண் பின்னித் தருகிறாள். எடைக்கோ எண்ணிக்கைக்கோ கூலி. ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள். அதற்கு 'சேதிபனி' என்று பெயர். வேறொருத்தி அப்பூக்களை ஒன்றாக இணைப்பாள். அது 'அதுக்குபனி'. பூப் பின்னியவள் மேசை விரிப்பைப் பார்த்ததில்லை. இணைத்தவள் அதன் விற்பனை விலையை அறிந்ததில்லை.

கூலியோ, வயலில் நாற்று நடும் பெண்ணுக்குச் சட்டப்படி உரிய குறைந்தபட்சக் கூலியில் ஒரு பங்குதான் தேறிற்று. ஆயினும் அப்பெண்களுள் பலர் தங்களைத் தொழிலாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது' என்றனர். வியாபாரிகளும் அதையே சொன்னார்கள். சும்மா இருக்கும் நேரத்துக்கு ஏன் கூலி கேட்பார்கள்? பிரெஞ்சுக்காரர் இட்ட அந்தப் பெயரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2024இல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதே. குறியீடு பெயரைக் காக்கும். கூலியைக் காக்க அது எழுதப்படவில்லை.

நம் வட்டாரத்திலும் இதுபோன்ற வேலை இல்லாமல் இல்லை. ஆம்பூர்ப் பக்கத்தில் செருப்பின் மேற்பகுதியை வீட்டில் அமர்ந்து கையால் தைத்துத் தரும் பெண்கள் பலர். ஜோடிக் கணக்கில் கூலி. குடியாத்தம் பகுதியில் பீடி சுற்றுவோர் ஆயிரக் கணக்கில் கூலி பெறுகின்றனர். தோலும் இலையும் நூலும் வேறு வேறு பொருள்கள், ஏற்பாடு ஒன்றே. இதற்கு மாறாக, பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தரும் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களில் கூலி விகிதம் எழுத்தில் இருக்கிறது, தைப்பவளே அங்கத்தினர், கணக்கு ஆண்டுதோறும் தணிக்கையாகிறது. குறைகள் அங்கும் உண்டு. கூலி தாமதமாகிறது என்ற முறையீடு எந்தக் கூட்டத்திலும் எழாமல் இருப்பதில்லை. ஆனால் முறையிட ஒரு கூட்டமாவது இருக்கிறது.

அண்மையில் கலவையைச் சுற்றியுள்ள ஊர்களில், சேலைத் தலைப்புக்கும் கைக்குட்டைக்கும் டாட்டிங் கரை கட்டும் வேலையைச் சங்கம் எடுத்து நடத்தலாமா என்று சிலர் என்னைக் கேட்டனர். இயந்திரத்தால் லேஸ் வந்துவிட்டதே என்பது பெரியவர்களின் ஐயம். இங்கிலாந்தில் ஹீத்கோட் என்பவர் 1809இல் லேஸ் வலை பின்னும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். கூலி இழந்த தொழிலாளர் 1816இல் அவருடைய ஆலையில் புகுந்து 50க்கு மேற்பட்ட இயந்திரங்களை உடைத்தனர். தலையணை லேஸின் சந்தை அன்றிலிருந்து சுருங்கியது உண்மையே. டாட்டிங்கின் தாவும் முடிச்சையோ இயந்திரம் இன்னும் போடவில்லை. கடையில் டாட்டிங் போலத் தோன்றும் மலிவுச் சரக்கு வேறு முறையில் செய்த போலி. எனவே போட்டி இயந்திரத்தோடு அன்று, போலியின் விலையோடு. அது கடினமான போட்டிதான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டுவது கடன் விண்ணப்பம் எழுதுவதன்று. நேரக் கணக்கு எடுப்பது. விரைவாகப் பின்னுபவர், நடுத்தரமானவர், புதியவர் என மூவரை அமர்த்தி, ஒரே மாதிரியில் ஒரு மீட்டர் கரை பின்னச் செய்து, கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுத்தரமானவருடைய நேரத்தை, அரசு அறிவித்துள்ள குறைந்தபட்சக் கூலியின் மணிக்கணக்கால் பெருக்கி, நூலின் விலையையும் சங்கத்தின் செலவையும் கூட்டினால் ஒரு விலை வரும். அவ்விலைக்கு வாங்குவோர் இல்லையென்றால் தொடங்காமலிருப்பதே நலம். கூலியைக் குறைத்து விலையைச் சரிக்கட்டலாம் என்ற யோசனையை நிர்வாகக் குழு ஏற்கலாகாது. வாங்குவோர் உண்டெனில், மாதிரிப் புத்தகத்தின் ஒரு பிரதி ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும் இருக்க வேண்டும். ரீகோ அம்மையார் சில காசுக்கு மாதிரிகளை அச்சிட்டு விற்றதால்தான் அவை எந்த ஏஜெண்டின் பெட்டியிலும் அடைபடவில்லை. வளையம் பின்னுபவரும் இணைப்பவரும் தனித்தனியாகப் பிரியாமல், ஒருவரே துண்டை முடித்துத் தரவேண்டும். விற்ற விலை, கூலிச் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும்.

நேரக் கணக்குக்கு ஏற்ற எளிய மாதிரி ஒன்றைக் கீழே தருகிறேன். நல்ல முறுக்குள்ள, பளபளப்பேற்றிய பருத்திக் குரோஷா நூலே ஏற்றது. முறுக்குத் தளர்ந்த நூலில் முடிச்சு வழுக்காது. நாடாவில் நூலைச் சுற்றும்போது விளிம்புக்கு வெளியே பிதுங்காத அளவில் நிறுத்துக. இடக்கையில் வளையம் பிடித்து, 5 இரட்டை முடிச்சு, ஒரு கண்ணி, 5 முடிச்சு, ஒரு கண்ணி, 5 முடிச்சு, ஒரு கண்ணி, 5 முடிச்சு போட்டு, நாடா நூலை இழுத்து வளையத்தை மூடுக. கால் அங்குலம் நூல் விட்டு, அடுத்த வளையத்தைத் தொடங்கி 5 முடிச்சு போடுக. இப்போது முந்தைய வளையத்தின் கடைசிக் கண்ணியினுள் மெல்லிய குரோஷா ஊசியை விட்டு, விரலில் உள்ள நூலைச் சிறிது வெளியே இழுத்து, அதனால் உண்டாகும் துளையில் நாடாவைச் செலுத்தி, இழுத்த நூலை மீண்டும் உள்ளே சமன் செய்க. வளையங்கள் இணைந்துவிட்டன. பின்னர் 5 முடிச்சு, கண்ணி, 5 முடிச்சு, கண்ணி, 5 முடிச்சு போட்டு மூடுக. வேண்டிய நீளம் வரும் வரை இவ்வாறே தொடர்க. கால் அங்குல இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாயிருக்க, இடையிடையே ஓர் அட்டைத் துண்டை வைத்து அளந்துகொள்வது நலம். துணியில் தைக்கும்போது கரை சுருங்குவதும் விரிவதும் இந்த இடைவெளியைப் பொறுத்ததே.